பாளையத்துப் பிள்ளையும் படைக் கலாசாலையும்

'பாளையம்' என்றால் படை தங்கும் இடம் என்று அகராதிகள் பொருள் கூறுகின்றன. ராஜபாளையத்தில் வாழும் நாம் அந்தப் பொருளை மறந்து வெகு காலமாயிற்று. பஞ்சுப் பொதியும், நூல் ஆலையும், சத்திரப்பட்டியில் நெய்யும் 'பாண்டேஜ்' துணியுமே இன்று நமது வட்டாரத்தின் அடையாளங்கள். பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூரின் பெயரிலே வில்லே இருக்கிறது. ஆனால் அங்கே ரயிலை விட்டு இறங்குகிறவர்கள் முதலில் விசாரிப்பது பால்கோவாவைத்தான். நம் ஊரின் வீரத்துக்குச் சாட்சியாக இன்று மிஞ்சியிருப்பது ஒரு நாய். 2005-ஆம் வருஷத்தில் தபால் இலாகா நாட்டு நாய்களுக்கென்று நான்கு தபால் தலைகள் வெளியிட்டபோது, அவற்றில் ஒன்று ராஜபாளையத்து நாய்க்குக் கிடைத்தது. மனிதர்களாகிய நாம் அந்தக் கௌரவத்தில் பங்கு கேட்க முடியாது.

ஆயினும் ஒவ்வொரு வருஷமும் மார்கழி மாதத்தை ஒட்டி, பிளஸ் டூ வகுப்பிலிருந்து இரண்டொரு பிள்ளைகள் தயங்கித் தயங்கி நம்மிடம் வருகிறார்கள். "ஸார், என்.டி.ஏ. பரீட்சைக்கு எப்படி மனுப் போடுவது?" என்று கேட்கிறார்கள். அவர்கள் வந்து போன நாலாம் நாள் அவர்களுடைய பெற்றோர்கள் வருகிறார்கள். பிள்ளைகளுக்குப் பதில் சொல்வது எளிது. பெற்றோர்களுக்குச் சொல்வதுதான் கடினம்.

சென்ற ஆண்டு ஒரு தகப்பனார் வந்தார். ஆலையில் மேஸ்திரி வேலை பார்ப்பவர். மனைவியையும் அழைத்துக்கொண்டு வந்திருந்தார்.

"ஸார், பையன் பட்டாளத்துக்குப் போறேங்கிறான். ஒரே பையன். நல்லாப் படிக்கிறான். என்ஜினீயரிங் சேர்க்கலாம்னு இருக்கோம். நீங்க ஒரு வார்த்தை சொன்னாக் கேட்பான்" என்றார்.

நாம் சொல்ல வேண்டிய அந்த ஒரு வார்த்தை எது என்பதை அவர் வீட்டிலேயே தீர்மானம் செய்துகொண்டு வந்திருந்தார் என்பது தெளிவாயிருந்தது. அந்த அம்மாள் அதுவரை பேசாமலிருந்தார். பிறகு, "துப்பாக்கி தூக்கவா ஸார் அவனைப் பெத்தேன்?" என்று மட்டும் கேட்டார்.

இந்தக் கேள்விக்கு எந்தக் கலாசாலையிலும் விடை சொல்லித் தருவதில்லை. ஆகையால் நாம் வேறிடத்திலிருந்து ஆரம்பித்தோம். பையன் எதற்கு மனுப் போடுகிறான் என்பதே அவர்கள் இருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. மைதானத்தில் ஆயிரக் கணக்கான வாலிபர்களை ஓட விட்டு ஆள் எடுக்கும் 'ராலி' ஒன்றுதான் நம் ஊராருக்குத் தெரிந்த ராணுவ வாசல். அது சிப்பாய்க்கு உரிய வாசல். 2022 முதல் அக்னிவீரர் திட்டம் என்று அதற்குப் பெயர். நாலு வருஷம் சேவை, அதன் பின் நாலில் ஒரு பங்கினரை மட்டும் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள். பையன் கேட்பது அதுவன்று. பதினாறரை வயது முதல் பத்தொன்பதரை வயது வரை உள்ள பிள்ளைகளைப் பரீட்சை வைத்துப் பொறுக்கி எடுத்து, மூன்று வருஷம் படிக்க வைத்துப் பட்டமும் கொடுத்து, பிறகு மேலும் பயிற்சி அளித்து அதிகாரி ஆக்கும் கலாசாலைக்குப் போகிறேன் என்கிறான். அது புனாவுக்கு அருகே கடக்வாஸ்லாவில் இருக்கும் தேசியப் பாதுகாப்பு அகாடமி. தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றுக்கும் உரிய பிள்ளைகள் ஒரே கூரையின் கீழ்ப் படிக்கும் இடம் அது.

அந்த இடத்தின் கதை கேட்கத் தக்கது. இரண்டாவது மகா யுத்தத்தில் சூடான் நாட்டைக் காக்கும் போரில் இந்தியச் சிப்பாய்கள் பலர் மாண்டனர். அதற்கு நன்றியாக அந்நாட்டு அரசாங்கம் ஒரு லட்சம் பவுன் கொடுத்தது. பிரிவினைக்குப் பின் இந்தியாவுக்குப் பங்காக வந்தது 70,000 பவுன். கலாசாலையின் தலைமைக் கட்டடம் அதனால்தான் 'சூடான் பிளாக்' என்று இன்றும் வழங்குகிறது. 1949-ஆம் வருஷம் அக்டோபர் 6-ஆம் தேதி ஜவஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1955 ஜனவரியில் திறப்பு விழா நடந்தது. அடிக்கல் நாட்டிய அந்த 1949-ல்தான் நமது ராஜபாளையத்து பி. எஸ். குமாரசாமி ராஜா சென்னை மாகாணத்தின் பிரதமராகப் பதவி ஏற்றார். (முதன்மந்திரியை அக்காலத்தில் பிரதமர் என்றுதான் அழைப்பார்கள்.) தாம் வாழ்ந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்து விட்ட மனிதர் அவர். ஊருக்குக் கொடுப்பது என்பது நம் ஊருக்குப் புதிய விஷயமல்ல என்பதற்காக இதைச் சொல்கிறோம்.

அதற்கு முந்திய நிலைமை என்ன? 1932-ல் டேராடூனில் இந்திய ராணுவக் கலாசாலை ஏற்படும் வரையில், இந்தியப் பிள்ளை ஒருவன் பூரண அதிகாரியாக வேண்டுமென்றால் இங்கிலாந்துக்குக் கப்பலேற வேண்டியிருந்தது. குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்துப் பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம் அப்படி வூல்விச் கலாசாலைக்குப் போய்ப் படித்துத்தான் ராணுவத்தில் சேர்ந்தார். 1966 முதல் 1969 வரை இந்தியத் தரைப்படைத் தலைவராகவும் விளங்கினார். ஜமீன் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் திறந்திருந்த கதவு இன்று மேஸ்திரியின் மகனுக்கும் திறந்திருக்கிறது. மனுக் கட்டணம் ரூ. 100. தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்கும், பழங்குடியினருக்கும், பெண்களுக்கும் அதுவும் கிடையாது.

தகப்பனார் இதையெல்லாம் கேட்டு விட்டு, "செலவு எவ்வளவு ஸார் ஆகும்?" என்றார். வரவு செலவு அறிந்தவர் கேட்கும் நேரான கேள்வி. படிப்பு, உணவு, உடை, தங்கும் இடம் யாவும் ஸர்க்கார் செலவு. மாதம் சுமார் ரூ. 3,000 கைச்செலவுக்குப் பெற்றோர் அனுப்ப வேண்டும். வருமானம் குறைந்த குடும்பமானால் அதற்கும் ஓர் உதவித் தொகை உண்டு. மூன்று வருஷம் முடிந்து டேராடூனில் நடக்கும் நாலாவது வருஷப் பயிற்சியில் மாதம் ரூ. 56,100 உதவிச் சம்பளமாகவே வருகிறது. ஆனால் பையன் நடுவில் தானாகவே, "எனக்கு வேண்டாம்" என்று திரும்பி வந்தால், ஸர்க்கார் தான் செலவழித்த தொகையைத் திரும்பக் கேட்கலாம். இதற்குப் பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்துப் போடும் முன் அந்தப் பத்திரத்தை வாசித்துப் பார்க்கும் தகப்பனார்களை நாம் அதிகமாகக் கண்டதில்லை.

இனி, மனு விஷயம். மனுவில் தவறு செய்ய எத்தனையோ வழிகள் இருந்தாலும், தமிழ்ப் பிள்ளைகளுக்கென்று தனியே ஒரு வழி உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பனார் பெயரின் முதல் எழுத்தைத் தலைப்பெழுத்தாக வைத்துக்கொள்கிறோம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் தலைப்பெழுத்து பின்னால் இருக்கும்; ஆதார் அட்டையில் முன்னால் இருக்கும்; பாங்கிப் புத்தகத்தில் தகப்பனார் பெயரே முழுதாக நிற்கும். ஒரே பிள்ளை மூன்று காகிதங்களில் மூன்று பிள்ளைகளாகி விடுகிறான். யு.பி.எஸ்.ஸி. தேர்வாணையத்தின் கணக்கில் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பெயரே பெயர், அதிலுள்ள பிறந்த தேதியே தேதி. ஜாதகமோ, முனிசிபாலிடிச் சான்றோ அங்கே செல்லாது. ஆகவே ஆதாரைத் திருத்த வேண்டுமானால் மனுக் காலம் வருமுன்பே திருத்தி விட வேண்டும். கடைசி நாளன்று கம்ப்யூட்டர் கடையில் வரிசையில் நின்றுகொண்டு எழுத்தை முன்னுக்குப் பின் மாற்றிக்கொண்டிருப்பது பரிதாபமான காட்சி.

இன்னொன்று. எந்தப் படைக்கு முதலிடம், எதற்கு இரண்டாமிடம் என்று மனுவிலேயே வரிசைப்படுத்திக் கேட்பார்கள். கணிதமும் பௌதிகமும் ரஸாயனமும் எடுத்தவர்களுக்கு மூன்று படைகளும் திறந்திருக்கின்றன. வேறு பாடம் எடுத்தவர்களுக்குத் தரைப்படை மட்டும். பரீட்சை நடக்கும் ஊராக மதுரையைக் கேட்கலாம். அங்கே இருப்பது அளவான இடம். முந்தி மனுப் போட்டவருக்கே முந்திக் கிடைக்கும். பிந்தியவர் சென்னைக்கு ரயிலேற வேண்டியதுதான்.

பரீட்சை வருஷத்துக்கு இரண்டு தடவை. 2025-ஆம் வருஷத்து அறிவிப்பு ஒவ்வொன்றிலும் 406 இடங்கள். எழுதுகிறவர்கள் லட்சக் கணக்கில். கணிதத்துக்கு 300 மார்க்கு, பொது அறிவுக்கு 600. தவறான விடைக்கு அந்தக் கேள்வியின் மார்க்கில் மூன்றில் ஒரு பங்கு பிடித்துக்கொள்வார்கள். பொதுப் பரீட்சையில் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கியே பழகிய பிள்ளைகள், பழைய வினாத்தாளை எழுதிப் பார்த்து 900-க்கு 320 வந்ததென்று முகம் வாடி நிற்பார்கள். அண்மை வருஷங்களில் அடுத்த கட்டத்துக்கு அழைக்கப் பெற்றவர்களின் எல்லைக் கோடு 300-ஐ ஒட்டித்தான் நின்றிருக்கிறது என்பதை அவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் விடை நிரப்புகிற வழக்கத்தை விட்டொழித்தாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

நம் பிள்ளைகள் கால் இடறும் இடம் கணிதமன்று. மாநிலப் பாடநூலை ஒழுங்காகப் படித்தவனுக்கு அந்தத் தாள் அடங்கும். இடறுவது சரித்திரத்திலும் பூகோளத்திலும். பொது அறிவுப் பகுதியில் இவை இரண்டுமே ஐந்தில் இரண்டு பங்கு. விஞ்ஞானப் பிரிவில் சேர்ந்தவர்கள் பத்தாம் வகுப்போடு சரித்திரத்துக்குத் தலை முழுகி விடுகிறார்கள். சுதந்திரப் போராட்டம் எப்போது நடந்தது என்று கேட்டால், "அது சோஷியல் ஸார்" என்கிறார்கள்! ஸ்ரீவில்லிபுத்தூரில் 1875-ல் தோன்றிய பென்னிங்டன் நூல்நிலையம் இருக்கிறது. ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் போய் வரும் தூரந்தான். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அங்கே உட்கார்ந்து பத்திரிகை படிக்கும் வழக்கத்தை இரண்டு பிள்ளைகளுக்காவது உண்டாக்கி விட்டால், எந்தப் பயிற்சி நிலையத்துக்கும் பணம் கட்ட வேண்டியதில்லை என்பது நமது திடமான அபிப்பிராயம்.

இங்கே ஒரு விஷயத்தை மூடி மறைக்காமல் சொல்லியாக வேண்டும். இந்தப் பரீட்சையின் வினாத்தாள் ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும் மட்டுமே அச்சாகிறது. ஹிந்தி தாய்மொழியாக உள்ள பையன் கணிதக் கேள்வியைத் தன் வீட்டுப் பாஷையில் வாசிக்கிறான். நம் ஊரில் தமிழ் வழியில் பன்னிரண்டு வருஷம் படித்த பிள்ளை, முதலில் கேள்வியை மனசுக்குள் மொழிபெயர்த்துப் பிறகு கணக்கைப் போட வேண்டியிருக்கிறது. 150 நிமிஷத்தில் 120 கணக்கு. ஒரு கணக்குக்கு ஒன்றேகால் நிமிஷம். அந்த ஒன்றேகால் நிமிஷத்தில் மொழிபெயர்ப்புக்கு ஒரு பங்கு போய் விடுகிறது. மத்திய ஆயுதப் போலீஸ் படைகளின் காவலர் பரீட்சையைத் தமிழ் உள்பட 13 பிராந்திய மொழிகளிலும் நடத்துவது என்று 2023-ல் முடிவு செய்து, 2024 முதல் நடத்தியும் வருகிறார்கள். காவலனாகத் தமிழ் போதும், அதிகாரியாகத் தமிழ் போதாது என்பது என்ன நியாயம்? தேசம் எல்லாருக்கும் பொது என்றால் தேசத்தைக் காக்கும் பரீட்சைத் தாளும் எல்லாருக்கும் பொதுவாக இருக்க வேண்டும். இதைக் கேட்பதால் நமது தேசபக்திக்கு ஒரு குறையும் வந்து விடாது. அந்த நாள் வரும் வரையில், கணிதத்தின் ஆங்கிலச் சொற்களை ஒன்பதாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழிப் பிள்ளைகளுக்குச் சேர்த்துச் சொல்லிக்கொடுப்பது உபாத்தியாயர்களின் கடமை.

எழுத்துப் பரீட்சையில் தேறியவர்களை அழைப்பது எஸ்.எஸ்.பி. என்னும் தேர்வுக் குழு. பெங்களூர், போபால், மைசூர், பிரயாக்ராஜ் என்று பல ஊர்களில் இந்தக் குழுக்கள் இருக்கின்றன. ஐந்து நாள் அங்கேயே தங்க வேண்டும். முதல் தடவை போகிறவருக்கு ரயில் கட்டணம் உண்டு. எழுத்துப் பரீட்சைக்கு எவ்வளவு மார்க்கோ அவ்வளவு மார்க்கு, அதாவது 900, இந்த ஐந்து நாளுக்கும் உண்டு. ஒரு படத்தை அரை நிமிஷம் காட்டி நாலு நிமிஷத்தில் கதை எழுதச் சொல்வார்கள். பதினைந்து விநாடிக்கு ஒரு வார்த்தையாக அறுபது வார்த்தைகளைக் காட்டி, ஒவ்வொன்றையும் கண்டவுடன் மனத்தில் தோன்றுவதை எழுதச் சொல்வார்கள். பலகையையும் கயிற்றையும் கொடுத்து, தரையில் கால் படாமல் ஒரு கூட்டத்தையே அக்கரை சேர்க்கச் சொல்வார்கள். இதற்கென்று மனப்பாடக் கதைகளை விற்கும் கடைகள் பெருகியிருக்கின்றன. எந்தப் படத்தைக் காட்டினாலும் வெள்ளத்தில் குதித்துக் குழந்தையைக் காப்பாற்றும் கதாநாயகனே அந்தக் கதைகளில் வருகிறான். பரீட்சிக்கும் அதிகாரிகள் அந்தக் கதாநாயகனை ஆயிரம் தடவை சந்தித்திருப்பார்கள் அல்லவா?

ஆண்டாள் கோயில் தேர்த் திருவிழாவில் நிஜமாகவே தண்ணீர்ப் பந்தல் நடத்தி, கூட்டத்தில் தவறிப் போன குழந்தையின் தாயைத் தேடிக் கொடுத்த பிள்ளைகள் நம் வகுப்பிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொந்தமாகச் சொல்ல விஷயம் இருக்கிறது. ஆனால் வாய் திறப்பதில்லை. "பெரியவர்கள் பேசும்போது நடுவில் பேசாதே" என்று நாமே வளர்த்து வைத்திருக்கிறோம். எட்டுப் பேர் கூடி விவாதிக்கும் இடத்தில் அந்த மரியாதை அவர்களுக்கு எதிரியாகி விடுகிறது. இலக்கண சுத்தமான ஆங்கிலம் அங்கே வேண்டியதில்லை. தயங்காமல் பேசுவதும், அடுத்தவன் பேசுவதைக் கேட்பதும் வேண்டும். பெற்றோர் செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டு. இந்த மாதம் வீட்டில் எதற்குச் செலவழிப்பது என்று பையனையும் வைத்துக்கொண்டு பேசுங்கள். அவன் அபிப்பிராயத்தைக் கேளுங்கள். மறுத்துப் பேசினால் அடக்காதீர்கள். காசில்லாத பயிற்சி இது.

உடம்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். செண்பகத்தோப்புச் சாலையிலும், அய்யனார் கோயில் சாலையிலும் விடியற்காலையில் ஓடுவதற்கு யாரும் டிக்கெட் கேட்பதில்லை. ஆனால் மனுப் போடும்போதே ஒரு கண் வைத்தியரிடம் காட்டி, நிறப் பார்வை சரியாயிருக்கிறதா என்று பார்த்து விட வேண்டும். விமானம் ஓட்ட விரும்புகிறவர்களுக்குக் கண்ணின் விதி மிகக் கடுமை. விமானி தேர்வுக்குரிய யந்திரப் பரீட்சையும் ஆயுளில் ஒரே தடவைதான். தவறினால் மறுபடி கிடையாது. மற்ற எழுத்துப் பரீட்சைகளை வயது இருக்கும் வரையில் எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதலாம்.

அந்த அம்மாளின் கேள்விக்கு இனி வருவோம். போரில் ஆபத்து உண்டு என்பதை அவரிடம் யாரும் மறைக்க வேண்டியதில்லை. 1999-ல் கார்கில் போரின்போது படாலிக்கில் மாண்ட மேஜர் சரவணனும், 2014-ல் காச்மீரத்தில் மாண்ட மேஜர் முகுந்த் வரதராஜனும் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளே. அவருக்கு நாம் கூடுதலாகச் சொன்னது வேறொன்று. பயிற்சியின்போதே பலத்த காயம் பட்டு, உடல் தகுதி இழந்து, வீட்டுக்கு அனுப்பப்பட்ட மாணவர்கள் இருக்கிறார்கள். 1985 முதல் பல ராணுவக் கலாசாலைகளிலுமாக அப்படிப் பட்டவர்கள் சுமார் 500 பேர். அதிகாரியாக நியமனம் பெறுமுன் காயமுற்றதால் அவர்களுக்கு 'முன்னாள் ராணுவத்தினர்' என்னும் அந்தஸ்து கொடுக்கப்படவில்லை. பத்திரிகையில் வந்த செய்தியைக் கண்டு 2025 ஆகஸ்டில் உச்ச நீதி மன்றம் தானாகவே இதை வழக்காக எடுத்துக்கொண்டது. அந்த மாதமே, இவர்களை முன்னாள் ராணுவத்தினருக்குரிய மருத்துவத் திட்டத்தில் சேர்ப்பதற்கு ஸர்க்கார் அனுமதி அளித்தது. பிள்ளையைக் கொடுக்கும் தாய்க்கு இந்த விவரமும் தெரிய வேண்டும். தெரிந்து கொடுப்பதுதான் கொடை. தெரியாமல் கொடுப்பதை ஏமாற்று என்றுதான் சொல்ல வேண்டும்.

இதைக் கேட்டபின் அவர், "வேண்டாம்" என்று சொல்லி விடுவார் என்று நாம் எதிர்பார்த்தோம். அவரோ, "அப்ப எல்லாம் தெரிஞ்சுதான் போறேங்கிறானா ஸார்?" என்று கேட்டார். "தெரிந்துதான் சொல்கிறான்" என்றோம். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தகப்பனார்தான் என்ஜினீயரிங் பேச்சை மறுபடி எடுத்தார்.

அந்தப் பேச்சிலும் நியாயம் உண்டு. ஏப்ரலில் பரீட்சை எழுதுகிறவனுக்குக் கலாசாலை திறப்பது அடுத்த ஜனவரியில். நடுவில் ஆடி ஆவணியில் என்ஜினீயரிங் சேர்க்கை முடிந்து விடும். ஒன்றை நம்பி மற்றொன்றை விட்டால் இரண்டும் போகலாம். ஆகவே சேர்க்கத்தான் வேண்டும். ஆனால் நன்கொடை கொடுத்துப் பெரிய இடத்தில் சேர்த்து விட்டு, ஐந்தாம் மாதத்தில், "கட்டிய பணம் போகிறதே" என்று பையனைத் தடுக்கக் கூடாது. கட்டணம் குறைந்த இடமாகப் பாருங்கள் என்றோம்.

பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. 2021 ஆகஸ்டில் உச்ச நீதி மன்றம் உத்தரவிடும் வரையில் இந்தக் கலாசாலையின் கதவு பெண்களுக்குச் சாத்தியே இருந்தது. 1943-லேயே ஜான்ஸி ராணிப் படையைக் கேப்டன் லக்ஷ்மி நடத்தினார் என்பதையும், அந்தப் படையில் மலேயாத் தமிழ்ப் பெண்கள் துப்பாக்கி ஏந்தினார்கள் என்பதையும் நினைத்தால், நமது தேசம் இந்த விஷயத்தில் 78 வருஷம் யோசித்திருக்கிறது என்று கணக்காகிறது. 2025 மே 30-ஆம் தேதி முதல் தொகுதியாக 17 பெண்கள் பயிற்சி முடித்து அணிவகுத்துச் சென்றார்கள். மேஸ்திரியின் மகனோடு சேர்ந்து மனுப் போட்ட மாணவி ஒருத்தியும் நம் பள்ளியில் உண்டு. அவள் வீட்டிலிருந்து யாரும் நம்மிடம் வரவில்லை. விசாரித்தால், வீட்டில் இன்னும் சொல்லவில்லையாம்! "ஹால் டிக்கெட் வந்ததும் சொல்லிக்கலாம் ஸார்" என்றாள். "இன்றைக்கே சொல், அம்மா. வேண்டுமானால் நாமும் வந்து பேசுகிறோம்" என்றோம். சொன்னாள். இரண்டு நாள் வீட்டில் பேச்சில்லாமல் இருந்ததாம். மூன்றாம் நாள் பாட்டிதான் பேத்தியின் பக்கம் சாய்ந்தாளாம்.

பரீட்சையன்று காலை பத்து மணிக்குக் கணிதம். பகல் இரண்டு மணிக்குப் பொது அறிவு. ஆரம்பத்துக்கு அரை மணி முன்பே வாசற் கதவைச் சாத்தி விடுவார்கள். ராஜபாளையத்திலிருந்தும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் போகிறவர்கள் முதல் நாள் மாலையே மதுரை போய்ச் சேர்வது உத்தமம். உறவினர் வீடு இல்லாதவர்கள் விடியற்காலை பஸ்ஸில் போகலாம். கைக்கடிகாரம் சாதாரணமானதாக இருக்கட்டும். டெலிபோனை உள்ளே விட மாட்டார்கள். நடுவில் ஒன்றரை மணி நேரம் இடைவேளை. புளியோதரை கட்டிக் கொடுத்தால் கெடாது.